3 அடி தூரத்தில் கைநழுவிய கோப்பை!

கண்டாச்சிபுரம் தெருவில் சிறுவர்கள் கோலி ஆடும்போது பாருங்கள். தூரத்தில் இருக்கும் குழியில் குறி தவறாமல் போடுவான் ஒரு பையன். ஆட்டம் முடியும் நேரம், குழி ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். அப்போது அவன் கை நடுங்கும். கோலி குழியைத் தாண்டி ஓடும்.

மேல்நாட்டு கோல்ப் ஆட்டத்திலும் இதே கதைதான். நம் மாநிலத்தில் ஊட்டி, கொடைக்கானலில் இந்த ஆட்டத்துக்கு மைதானங்கள் உண்டு. பந்தைத் தடியால் அடித்துக் குழியில் போடவேண்டும். குழியின் அகலம் 4¼ அங்குலம். பக்கத்தில் வந்ததும், ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை மெல்ல உருட்டுவார்கள். 300 கெஜம் பறந்தாலும் ஓர் அடிதான். 3 அடி உருண்டாலும் ஓர் அடிதான்!

குனிந்தார், தோற்றார்

1970-ம் ஆண்டு, ஜூலை மாதம். ஸ்காட்லாந்தில் உள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி. அமெரிக்க வீரர் டக் சாண்டர்ஸ் கடைசிக் குழிக்கு வந்துவிட்டார். தூரம் சுமார் 3 அடி. பந்து விழுந்தால் கோப்பை அவருக்கு.

குறி பார்த்து நின்றார். பந்து போகும் வழியில் சிறு கல் போல ஏதோ தெரிந்தது. கால்களை எடுக்காமல், நின்றபடியே குனிந்தார். கல் அல்ல, வெயிலில் காய்ந்த புல்! நிமிர்ந்தவர் அப்படியே தட்டினார். பந்து வலது பக்கம் விலகி ஓடியது. மறுநாள் மீண்டும் ஆட்டம். ஜாக் நிக்லஸ் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார்.

சாண்டர்ஸ் என்ன செய்திருக்கவேண்டும்? பந்தை விட்டு விலகி, ஒரு மூச்சு விட்டு, புதிதாக வந்து நின்றிருக்கவேண்டும். ஒரு நொடி வேலைதான்!

நிற்பதில்தான் பாதி ஆட்டம். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, உடல் பாரம் இரண்டிலும் சமமாக இருக்கவேண்டும். கண், பந்துக்கு நேர் மேலே. தடியை இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை விறைத்துவிடும். குருவிக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்கவேண்டும். மணிக்கட்டு அசையக்கூடாது. கடிகாரத்தின் ஊசல் போல, தோளில் இருந்துதான் அசைவு. பந்து போன பிறகும் தலையைத் தூக்கக்கூடாது. ஆசை யாரை விட்டது? விழுந்ததா என்று பார்க்கத் தலை தானாக நிமிரும், தடியும் கூடவே திரும்பும்.

சாண்டர்ஸ் 2020-ல் காலமானார். அந்த 3 அடியைப் பற்றிப் பிற்காலத்தில் கேட்டவர்களிடம் அவர் வேடிக்கையாகச் சொல்வாராம்: சில சமயம் 5 நிமிடம் வரை கூட அதை நினைக்காமல் இருக்க முடிகிறது என்று!