வீட்டுக் கைமுறைகளும் அவற்றின் காரணங்களும்

நமது சங்கத்தின் அங்கத்தினர்களில் ஒரு சாரார் தறியை நம்பி வாழ்பவர்கள். மற்றொரு சாரார் நிலத்தை நம்பி வாழ்பவர்கள். இரு சாராருக்கும் பொதுவான இடம் அடுக்களை. பாடுபட்டு ஈட்டிய பணம் சிறிது சிறிதாகக் கசிவதும் அங்கேதான். அதைத் தடுத்து நிறுத்த இயல்வதும் அங்கேதான். பாத்திரம் துலக்கவும், கறை போக்கவும், வண்டு வராமல் காக்கவும் புதிய புதிய சரக்குகள் கடைக்கு வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் வேலையை வீட்டிலுள்ள புளியும் உப்பும் கஞ்சியும் செலவின்றிச் செய்து தரும்.

ஆயினும், ஒருவர் சொல்லக் கேட்ட அளவிலே ஒரு முறையைக் கையாள்வது போதாது. பித்தளைக்கு நன்மை செய்யும் புளி ஜரிகைக்கு ஆகாது. பருத்திக்குத் தீங்கு செய்யாத சோடா பட்டை நலிவுறச் செய்யும். எந்தப் பொருள் எதனால் வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதை எங்கே உபயோகிக்கலாம், எங்கே உபயோகிக்கலாகாது என்பது தானே விளங்கும். அக்காரணங்களைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புளிப்பும் பாத்திரமும்

செம்பும் பித்தளையும் காற்றுப்பட்டு மங்குகின்றன. அவற்றின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிவதே அதற்குக் காரணம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அப்படலத்தைக் கரைத்துவிடுகிறது. சிறிது கல்லுப்பும் சேர்ந்தால் வேலை விரைவில் முடியும். இதற்குப் புதுப்புளி வேண்டுவதில்லை. குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையே போதும். சாறு பிழிந்த எலுமிச்சை மூடியும், மிகப் புளித்த மோரும் இதே வேலையைச் செய்யும். துலக்கியவுடன் நன்றாகக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும். ஈரமும் புளிப்பும் தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும்.

களிம்பைப் புளி கரைக்கிறது என்றால், பாத்திரத்தையும் அது சிறிது கரைக்கும் என்பது வெளிப்படை. ஆகவே உள்ளே ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ரசம், புளிக்குழம்பு, மோர் முதலியவற்றை வைக்கலாகாது. செம்பு உணவிற் கலந்து குமட்டலும் வாந்தியும் உண்டாகும். ஈயம் பூசக் கொடுக்கும்போது அது வெள்ளீயந்தானா என்று கேட்டறிதல் அவசியம். காரீயம் கலந்த பூச்சு நஞ்சாகும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அலுமினியப் பாத்திரம் கறுத்திருந்தால், அதில் புளித்தண்ணீரைச் சிறிது நேரம் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் வெளுத்துவிடும். ஆனால் புளிக்குழம்பை அதே பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்தால் உட்புறம் அரிக்கும்.

சாம்பலும் காரமும்

இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பன்று. சாம்பல் நீர், சலவைச் சோடா, சோப்பு ஆகியவற்றுக்குள்ள வழுவழுப்பான குணமே இரசாயனத்தில் காரம் எனப்படும். விறகுச் சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்குடன் கூடி ஒருவகைச் சோப்பாக மாறுகிறது. அதனால்தான் சாம்பல் பிசுக்கை எடுக்கிறது. சாம்பலைச் சலித்து எடுத்துக்கொண்டால் எவர்சில்வர் கீறல் விழாமல் இருக்கும். இன்று பெரும்பாலான இல்லங்களில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. சாம்பல் கிடைக்காத இடத்தில் வெந்நீரில் கரைத்த சலவைச் சோடா அதே வேலையைச் செய்யும். பிளாஸ்டிக்கும், வர்ணம் பூசிய பலகையும் எரிந்த சாம்பலைப் பாத்திரத்துக்கு உபயோகிக்கவே கூடாது.

பருத்தி, செடி தந்த இழை; காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் உயிரினங்கள் தந்தவை. காரம் அவற்றை அரிக்கும். பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சும்போது அளவு மீறினால் நூல் நலிவதை நெசவாளர் அறிவர். அதே தீங்கு பட்டுச் சேலையைச் சோடாவில் ஊறவைக்கும் வீட்டிலும் நேர்கிறது. பட்டுக்கு ஏற்றது பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கி, தோலை இரவு முழுவதும் ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய நீரில் அலசி, நிழலில் உலர்த்துவது நலம். ஜரிகைக்குப் புளியும் வேண்டா, சாம்பலும் வேண்டா.

கஞ்சி: தறியிலும் வீட்டிலும்

பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்கு என்று நெசவாளருக்குச் சொல்லத் தேவையில்லை. இழையின் மேலுள்ள பிசிறை ஒட்டவைத்து, விழுதின் உராய்வைத் தாங்கும் வலிவைத் தருகிறது கஞ்சி. நூல் முறுகி ஒடியாதிருக்கச் சிறிது எண்ணெயும் சேர்க்கிறோம். சேலைக்கும் வேட்டிக்கும் விறைப்புத் தருவதும் இதே குணந்தான். சோறு வடித்த கஞ்சியை நீர் விட்டுத் தளர்த்தி, துணியால் வடிகட்டி, துவைத்த துணியை அதில் நனைத்துப் பிழிந்தால் கடைமாவு வாங்கும் செலவு மிச்சம்.

ஆனால் மாவுப்பொருள் நமக்கு மட்டுமா உணவு? இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. ஈரம் பட்டால் பூஞ்சணமும் அதிலேதான் பிடிக்கும். எனவே பல மாதங்கள் பெட்டியில் வைக்கப்போகும் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, ஈரமற உலர்த்தி வைக்க வேண்டும். விறைப்பு வேண்டுமானால் உடுத்தும் காலத்தில் போட்டுக்கொள்ளலாம்.

தறிக்கஞ்சி புளித்துப் பூஞ்சணம் பிடிக்காதிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. அக்கஞ்சிக்கு ஒரு தனிப் பானை வைத்து, அப்பானையை அடுக்களைக்குள் கொண்டுவராமல் இருப்பதே முறை. தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழுள்ள வீடுகளில் இவ்வெச்சரிக்கை மிக மிகத் தேவை.

உப்பும் சாயமும்

புதுச்சேலையை உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. இது எங்கிருந்து வந்தது? பருத்திக்குச் சாயமேற்றும் தொட்டியில் உப்பு இடுவது உண்மை. உப்பு சாயத்தை நீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் தள்ளுவது வேறு, பிணைப்பது வேறு. இன்று வழங்கும் ரியாக்டிவ் சாயங்களை நூலுடன் பிணைப்பது சோடாவின் காரம். பிணையாமல் எஞ்சிய சாயத்தைச் சோப்பு இட்ட கொதிநீரில் அலசி வெளியேற்றுவது கடைசி வேலை. அக்கடைசி வேலையில் விறகையும் நேரத்தையும் மிச்சம் பிடித்தால், எஞ்சிய சாயம் வாங்குபவர் வீட்டு வாளியில் இறங்கும். அங்கே அவர் எத்தனை பிடி உப்பு இட்டாலும் பயனில்லை.

ஆகையால் வீட்டில் செய்யத்தக்கது இதுவே: புதுத்துணியை முதல் சில முறை தனியாக, குளிர்ந்த நீரில், நெடுநேரம் ஊறவிடாமல் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். சங்கத்தில் செய்யத்தக்கது: சாயச்சாலையிலேயே ஈரநூலை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு சேலையின் சாயம் மற்றொரு வேட்டியில் ஏறினால் கெடுவது அவ்வேட்டி மட்டுமன்று. நம் சங்கத்தின் நற்பெயருமாகும்.

கறைகள்

மஞ்சள் கறை படிந்த துணியில் சோப்புப் போட்டவுடன் அது சிவந்துவிடுவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும். புளிப்பில் மீண்டும் மஞ்சளாகும். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் சூரிய ஒளியே அந்நிறத்தை நாளடைவில் அழித்துவிடும். அதற்காகச் சலவைத்தூளைத் தேடி, துணியின் சாயத்தையும் சேர்த்து இழக்க வேண்டியதில்லை.

இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரிலேயே கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால், முட்டை வெந்து இறுகுவதுபோல இரத்தமும் இழையில் இறுகிவிடும். வெள்ளைப் பருத்தியில் படிந்த இரும்புத்துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிச் சற்று வெயிலில் வைத்துப் பின்பு நன்றாக அலசினால் கறை மங்கும். எண்ணெய் சிந்தினால் உடனே அரிசிமாவையோ சாக்கட்டித் தூளையோ தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டுத் தட்டிய பின் சோப்பிட வேண்டும்.

தானியமும் பயறும்

விவசாயி பாடுபட்டு வீடு சேர்த்ததை வண்டு தின்றுவிட்டால் அது இரட்டை நஷ்டம். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்குள் நுழைகிறது. எனவே முதற்காவல் உலர்த்தலே. நெல் முதலிய தானியங்களில் ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படலாகாது. பயறுகளில் 10 பங்கே மேலெல்லை. கருவி இல்லாத வீட்டில் பல்லே கருவி. கடித்தால் நசுங்காமல் ‘கடுக்’கென்று உடைய வேண்டும்.

உணவுக்கு வைக்கும் பயறைக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து நல்ல வெயிலில் சில மணி நேரம் விட்டால், உள்ளே ஏறும் வெப்பத்தில் வண்டும் முட்டையும் மடியும். விதைப் பயறை இவ்வாறு சுடவைத்தலாகாது. முளைப்புத் திறன் குறையலாம்.

ஒரு கிலோ பயறுக்கு 5 மில்லி, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி சமையல் எண்ணெயைப் பிசறி வைப்பதும் நல்ல முறை. எண்ணெய் முட்டையின் சுவாசத்தை அடைத்துவிடும். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், விதைக்குச் சாம்பல் பிசறுவதும் நம் நாட்டில் வழிவழி வந்தவை. அந்த நுண்துகள்கள் பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வையைச் சிதைத்து, அதன் உடலின் ஈரத்தை வற்றச் செய்கின்றன. முழுப்பயறைப் பருப்பாக உடைத்து வைத்தாலும் பயறு வண்டின் தொல்லை குறையும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளையிட்ட குழாய்ப்பொறி ஒன்றை வடிவமைத்துள்ளது. அதைத் தானியத்தில் செருகினால், காற்றை நாடி வரும் வண்டு துளை வழியே விழுந்து அகப்படும். வண்டு வந்திருப்பதும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

செய்யத் தகாதவை

பெருங்கிடங்குகளில் பயிற்சி பெற்றோர் இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுப் பானையிலோ மூட்டையிலோ போடலாகாது. காற்றின் ஈரம் பட்டாலே கொடிய நச்சுவாயு எழும்; மூடிய அறையில் உறங்குவோர் உயிரிழக்க நேரும். இரசகற்பூர உருண்டை என்று சிலர் சொல்லும் நாப்தலின் பாச்சை உருண்டையைத் தானியத்திலும், கைக்குழந்தையின் துணியிலும் வைக்க வேண்டா. துணிப்பெட்டிக்கு வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் இருக்கின்றன.

பிளீச்சிங் பவுடருடன் எந்தப் புளிப்பையும் சேர்க்கலாகாது. கழிப்பறை கழுவும் ஆசிட் அதனுடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சைத் திணறடிக்கும். ஒன்றைவிட ஒன்று நல்லது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று எண்ணுவது இங்கே உயிருக்கு ஆபத்து. மண்ணெண்ணெய், ஆசிட், பூச்சிமருந்து ஆகியவற்றைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்க வேண்டா. குழந்தை தவறி மண்ணெண்ணெயோ ஆசிடோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. அளவு தெரிய வேண்டுமானால் காரணம் தெரிய வேண்டும். புளிப்பு எதைக் கரைக்கும், காரம் எதை அரிக்கும், கஞ்சி எதை அழைக்கும், ஈரம் எதைக் கெடுக்கும் என்னும் இந்நான்கையும் மனத்திற் கொண்டால், நாளை எவர் எந்தப் புதுக்கைமுறையைச் சொன்னாலும் கொள்வதா தள்ளுவதா என்று நம் சகோதரிகள் தாமே தீர்மானிக்கலாம். தறியில் ஓர் இழையும் களத்தில் ஒரு மணியும் வீணாகாமல் காப்பவர்கள் நாம். அதே கண்ணை அடுக்களையிலும் செலுத்துவோமாக.