நெல் அறுத்தபின் எலி எங்கே போகும்?

சீகிரியாவில் இரண்டு பருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகும். குன்றேற வரும் வெளிநாட்டவர் கூட்டமும் டிசெம்பர் முதல் மார்ச் வரை அதிகம். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுவடைக்கு வரும்போது ஐரோப்பியரின் கோடை விடுமுறை. வயலில் கதிர் நின்றவரை எலிக்கு இரையும் மறைவும் அங்கேயே இருந்தன. அறுவடை இயந்திரம் அரைநாளில் இரண்டையும் துடைத்தெடுத்துவிடும். பிறகு எலி வரம்பைக் கடந்து, வேலியைக் கடந்து, பக்கத்து வீட்டுக்கு வருகிறது. இனாமலுவ, கிம்பிஸ்ஸ பக்கங்களில் அந்த வீட்டின் இரண்டு மூன்று அறைகள் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்பட்டிருக்கலாம். கட்டிலுக்கு அடியில் ஓர் எலி ஓடினால் விடியுமுன் அது இணையத்தில் ஏறிவிடும். அதனால் வீட்டுக்காரர் முதலில் ஓடுவது விஷம் விற்கும் கடைக்குத்தான்.

கடைக்குப் போகுமுன், வந்திருப்பது யார் என்று பார்ப்பது நல்லது. எச்சமே சொல்லிவிடும். அரிசிமணியைவிடச் சிறிதாக, இருமுனையும் கூராக, அலுமாரி மூலைகளில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளம் என்றால் கூரை எலி. கிடுகும் இலுக்குப் புல்லும் வேய்ந்த சுற்றுலாக் குடில்கள் அதற்கென்றே கட்டியவைபோல் அமைந்துவிடுகின்றன. நன்றாக ஏறும், கயிற்றிலும் நடக்கும். முற்றத்தில் மண்ணைக் குவித்து வளை தோண்டினால் அது வயலெலியோ பெருச்சாளியோ. நீண்ட மூக்கும் கஸ்தூரி நாற்றமுமாகச் சுவரோரம் கீச்சிட்டு ஓடுவது மூஞ்சூறு. அது எலியே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழும் அந்தப் பிராணியை எலிக்கணக்கில் சேர்த்து அடித்துக் கொல்வது வீட்டுக்கு நட்டம்.

சுண்டெலிக்கும் பெரிய எலிக்கும் குணத்திலும் வேறுபாடு உண்டு. பெரிய எலி புதுப்பொருளைக் கண்டால் அஞ்சும். நேற்று இல்லாத பொறியை இன்று சுற்றிப் போகும். ஆகவே பொறியைப் பூட்டாமல் இரையை மட்டும் சில நாள் வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலி நேர்மாறு. புதிது எதுவானாலும் மோந்து பார்க்கும், ஆனால் ஓரிடத்தில் நின்று உண்ணாது. ஓர் இரவில் பல இடங்களில் கொறித்துப் போகும். அதற்கு ஒரு பெரிய பொறியைவிட, சுவரோரமாக நெருக்கமாக வைத்த பல சிறு பொறிகள் பலன் தரும்.

கொன்று தீர்க்கலாம் என்ற எண்ணத்துக்கு வருவோம். இதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஊர் அமெரிக்காவின் பால்டிமோர். 1940களில் அங்கே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் ரிக்டர் புதிய விஷமொன்றைக் கண்டறிந்து நகரெங்கும் வைத்தார். எலிகள் கும்பலாகச் செத்தன. சில காலத்தில் திரும்பவும் பெருகின. அடுத்து வந்த டேவிட் டேவிஸ் குழுவினர் தெருத்தெருவாக எண்ணிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. ஒரு வட்டாரத்தில் எத்தனை எலி வாழும் என்பதை அங்குள்ள தீனியும் ஒளிவிடமுமே தீர்மானிக்கின்றன. பாதியைக் கொன்றால் மீதிப் பாதிக்கு இரட்டிப்புத் தீனி. குப்பையை அகற்றிய தெருக்களிலோ எலித்தொகை குறைந்தது. சுண்டெலியின் பிள்ளைப்பேற்றுக் கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை: சினைக்காலம் மூன்று வாரம், ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, குட்டி ஆறு வாரத்தில் தாயாகத் தயார். சீகிரியாவிலோ வயல் என்ற வற்றாத ஊற்று வேலிக்கு அப்பாலேயே இருக்கிறது.

உலர்வலயத்து விவசாயிக்கு இது தெரியாத விஷயமல்ல. சிங்களக் கிராமங்களில் நெல் வைத்த பழைய ‘பிஸ்ஸ’வைப் பாருங்கள். வரிச்சுக் கட்டிக் களிமண் பூசிய பெரிய கூடு. மேலே கூம்புக் கூரை. கீழே கற்களோ மரக்குற்றிகளோ தாங்கி நிற்க, தரைக்கும் கூட்டுக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி. நெல்லை எடுக்க ஏணி வைத்து மேலால்தான் இறங்க வேண்டும். ஈரம், கறையான், எலி மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு. நம்முடைய குதிரும் பத்தாயமும் செய்த வேலையும் இதுதான். இப்போது நெல் சாக்குகளில், பெரும்பாலும் வீட்டு அறைக்குள்ளேயே அடுக்கப்படுகிறது. சீகிரியா, ஹபரணைப் பக்கத்தில் இந்தச் சாக்கு வாசனைக்கு எலி மட்டும் வருவதில்லை. யானையும் வந்து சுவரை இடிக்கிறது. யானைக்கு அஞ்சி நெல்லை வீட்டின் நடுவறைக்கு மாற்றினால் எலி குடும்பத்தோடு நடுவறைக்கு மாறிவிடும். ‘பிஸ்ஸ’வைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. மூடியுள்ள தகரப் பீப்பாயும், அதைத் தூக்கி வைக்க நாலு கல்லும் போதும்.

விடுதி நடத்துபவர் இதையே கட்டடத்துக்கும் செய்ய வேண்டும். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடுக்குப் போதும்; ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். மண்டையோடு புகுந்துவிட்டால் உடலை நெளித்து இழுத்துக்கொள்ளும். கதவின் அடி, குசினித் தண்ணீர்க்குழாய் சுவரைத் துளைக்கும் இடம், குளிரூட்டிக் குழாய்க்குப் போட்ட துவாரம், கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளி: இவை நான்கையும் ஒரு பகல் செலவழித்துக் கைவிளக்கோடு பார்த்தால் பாதி வேலை முடிந்தது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. பற்பூச்சில் இரும்புச்சத்து ஏறியிருப்பதால்தான் அவற்றுக்கு அந்த மஞ்சள் நிறம். மரம், பிளாஸ்டிக், நுரைப்பசை எதுவும் நிற்காது. துவாரத்தில் உருக்குக் கம்பிப் பஞ்சைத் திணித்துச் சீமெந்து பூச வேண்டும், கதவடிக்குத் தகடு, காற்றுத் துவாரங்களுக்கு நெருங்கிய கண்ணுள்ள கம்பிவலை. கிடுகுக் கூரையை முற்றாக அடைக்க முடியாது. அங்கே கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுவதும், இரவில் அறைகளில் பழத்தட்டு வைக்காமல் இருப்பதும்தான் வழி.

செருகுமுனையில் மாட்டினால் எலியை ஓட்டும் என்று விற்கப்படும் ஒலிக்கருவிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அவற்றின் விளம்பர வாக்குறுதிகளுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இல் 60க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. எலி சில நாள் மிரளும், பிறகு பழகிக்கொள்ளும்.

விஷத்தின் கதை சுவையானது. அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கொன்சினில் கார்ல் லிங்க் ஆய்வுகூடம் அதிலுள்ள பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலிவிஷமாகச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதருக்கு இரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்துமானது. பத்தே ஆண்டில், 1958இல், ஸ்கொட்லாந்தில் அதற்கு அசையாத எலிகள் தோன்றின. ஐரோப்பியச் சுண்டெலிகள் சிலவோ வேறோர் இனத்தோடு கலந்து அந்த எதிர்ப்பு மரபணுவை இரவலாகவே பெற்றுக்கொண்டன. வார்ஃபரினுக்குப் பதிலாக வந்த புரோடிஃபாகூம் போன்ற இரண்டாந்தலைமுறை விஷங்கள் ஈரலில் மாதக்கணக்கில் தங்குபவை. விஷமுண்டு தள்ளாடும் எலியை முதலில் பிடிப்பது ஆந்தை, கீரி, மரநாய். சீகிரியாவைச் சூழ்ந்திருப்பது வனவிலங்குச் சரணாலயம். நமக்கு இலவசமாக எலி பிடிக்கும் கூட்டத்தை நாமே மெல்லக் கொல்கிறோம். இலங்கைக்கு மட்டுமே உரிய முள்மயிர்ச் சுண்டெலி என்றொரு இனமும் உண்டு; விஷம் அதையும் வீட்டுச் சுண்டெலியையும் பிரித்தறியாது. என்னைக் கேட்டால் வெளிமுற்றத்தில் தளர்வாக விஷம் தூவுவதைச் சட்டம் போட்டே நிறுத்தலாம்.

பயணிகளின் முகச்சுளிப்பைவிடப் பெரிய காரணமொன்று சீகிரியா அடங்கிய மாத்தளை மாவட்டத்துக்கு உண்டு: எலிக்காய்ச்சல். 2008இல் நாடெங்கும் பரவியபோது 7,000க்கு மேற்பட்டோருக்கு நோய் சந்தேகிக்கப்பட்டது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. லெப்டோஸ்பைரா என்ற சுருள்வடிவ நுண்ணுயிர் எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும்; எலிக்கு ஒன்றும் செய்யாது; சிறுநீரோடு வெளியேறிச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு வெட்டுக்காயம், கண், வாய் வழியாக மனிதருக்குள் புகும். வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கே ஆபத்து அதிகம், என்றாலும் எலி நடமாடும் களஞ்சிய அறையைத் துப்புரவாக்குபவரும் விலக்கல்ல.

அந்த அறையை உலர்ந்தபடி விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. வெளிறாக்கித் தூள் கரைத்த நீரை எச்சத்தின்மேல் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். விதைப்புக்கு வயலில் இறங்குகிறவர்கள் அதற்கு முன்பே தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால், வாரத்துக்கொரு முறை விழுங்கும் டொக்சிசைக்ளின் மாத்திரை தமக்கு வேண்டுமா என்பதை அவர் சொல்வார். காய்ச்சலோடு கண் சிவந்து கெண்டைக்கால் தசை வலித்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் வைத்தியசாலைக்குப் போய், வயலில் இறங்கியதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.