தேனீக்கு எண்ணத் தெரியுமா?

பத்தமடையில் பாய் நெய்பவர்கள் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறிப் பாவு நூல்களுக்கிடையே கோக்கிறார்கள். நயமான பாய்க்குப் பாவு நூல் நூற்றுக்கு மேல் போகும். எண்ணிக்கை தவறினால் கரையிலுள்ள சித்திரம் கோணிவிடும். நெய்பவருக்கு எண்களின் பெயர் தெரியும், விரலும் உண்டு. கொல்லையில் முருங்கைப் பூவை மொய்க்கும் தேனீக்கு இவை ஏது? அதற்கும் எண்ணத் தெரியுமா?

இத்தகைய கேள்விக்குச் சட்டென்று 'ஆம்' சொல்லிவிடக் கூடாது. 1904-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது! மூன்றும் இரண்டும் எத்தனை என்றால், குளம்பால் ஐந்து முறை தட்டும். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் அதைச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் திண்டாடியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரையறியாமல் லேசாக அசையும். உடனே குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். அது கணக்கைப் படிக்கவில்லை, ஆளைப் படித்தது. (அதுவும் சாமர்த்தியம்தான்!)

தேனீக்கு இப்படி ஜாடை காட்ட ஆளில்லை. பெங்களூரில் படித்த விஞ்ஞானி மாண்டயம் ஸ்ரீனிவாசனும் மேரி டாக்கேயும் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை 2008-ல் வெளியாயிற்று. நீண்ட கூடு ஒன்றில் ஒரே மாதிரியான பட்டைகளை வரிசையாக வைத்தார்கள். மூன்றாவது பட்டையருகே சர்க்கரைத் தண்ணீர். ஆனால் தேனீ தான் பறந்த தூரத்தை அளக்கவல்லது; தூரத்தைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாமே? அதனால் பட்டைகளின் இடைவெளியை அடிக்கடி மாற்றினார்கள். பிறகு சர்க்கரைத் தண்ணீர் இல்லாத கூட்டுக்குள் தேனீயை விட்டார்கள். அது மூன்றாவது பட்டையருகேதான் அதிகம் தேடியது! பட்டைக்குப் பதில் முன்பின் பாராத வேறு அடையாளங்களை வைத்தபோதும் அப்படியே. நான்கு வரை தேனீக்கள் தேறின; ஐந்தில் தடுமாறின. பத்து லட்சம் நரம்பணுக்கள்கூட இல்லாத மூளைக்கு நான்கே பெரிய காரியம் அல்லவா?

காகமும் சளைத்ததல்ல. ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2024-ல் வெளியான ஆய்வில், பழக்கப்பட்ட காகங்கள் காட்டிய குறிக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு முறை வரை எண்ணிக் கரைந்தன.

இந்த நான்கு நமக்கும் அந்நியமல்ல. தங்கையை விட்டுப் பாயில் சில புளியங்கொட்டைகளைப் போடச் சொல்லுங்கள். ஒரு நொடி பார்த்ததும் துணியால் மூடிவிட வேண்டும். இரண்டு, மூன்று என்றால் எண்ணாமலே சொல்லிவிடுவீர்கள். ஏழு, எட்டு கொட்டைகளுக்கு? போட்டுப் பாருங்கள்.