மூன்று குழிப் பங்கும் பூட்டிய படலையும்

பண்ணைப் பாலத்தைத் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை என்று போய், வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் இறங்கினால் இரு பக்கமும் கல்வீடுகள் தெரியும். கூரை விழுந்து சுவர் மட்டும் நிற்கும் வீடு. அறைக்குள்ளே வேம்பு முளைத்து யன்னலால் கிளை விட்ட வீடு. பக்கத்திலேயே புது வர்ணம் பூசி, கோயில் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் மாடிவீடு. படலையில் பூட்டு. "இந்தக் காணி விலைக்கு வருமோ?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "சொந்தக்காரர் வெளியிலை."

யாழ்ப்பாணத்துத் தீவகக் காணிக்கு இப்போது விசாரிப்பு கூடியிருக்கிறது. மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்தை இந்திய உதவியோடு அமைக்க 2024இல் ஒப்பந்தமானது. நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் தேடி நயினாதீவுக்கும், குதிரைகளையும் பெருக்கமரத்தையும் பார்க்க நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். வருகிறவர் தங்க இடம் வேண்டும். இடமென்றால் காணி.

ஆனால் விசாரிப்பு கூடுவதும் சந்தை நடப்பதும் ஒன்றல்ல. தீவகத்தில் காணி கொட்டிக் கிடக்கிறது. விற்கக்கூடிய காணி மிகக் குறைவு. விலையை விட இந்த முடிச்சுத்தான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பூட்டனாருக்கு எட்டுப் பரப்புக் காணி. 16 பரப்பு ஓர் ஏக்கர். 18 குழி ஒரு பரப்பு. நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு பரப்பு. அந்த நாலு பேருக்கும் நந்நாலு பிள்ளைகள் என்றால் ஒருவர் பங்கு அரைப் பரப்பு, அதாவது ஒன்பது குழி. அடுத்த தலைமுறையில் மூன்று பிள்ளைகள்: ஆளுக்கு மூன்று குழி. அது ஓர் ஆட்டுக்கொட்டிலுக்கும் முற்றத்துக்கும் காணும். இதில் எந்த மூன்று குழி யாருடையது என்று நிலத்தில் கோடு கிடையாது. உறுதியில் "பிரிபடாத பங்கு" என்றும், கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு என்றும் எழுதியிருக்கும். பங்காளிகள் 48 பேர். ஒருவர் சூரிச்சில், ஒருவர் ரொறன்ரோவில், சிலர் இறந்துவிட்டார்கள், சிலரின் முகவரியே தெரியாது.

இதன்மேல் தேசவழமை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்ற யாழ்ப்பாண வழக்கம் அது. பங்கை விற்க நினைப்பவர் முதலில் பங்காளியிடம்தான் கேட்க வேண்டும் என்ற முன்வாங்குரிமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் காக்கிறது. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911இன் அந்த விதி காலம் கடந்தது, மாற்றப்பட வேண்டியது. ஆனால் முன்வாங்குரிமை வேறு. அந்நியன் திடீரென்று வளவுக்குள் வராமல் ஊரைக் காத்த வேலி அது.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் 1990, 91 படை நடவடிக்கைகளோடு அநேகமாக வெறுமையானது. ஓடியபோது பலர் உறுதிகளையும் கொண்டு போகவில்லை. பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரால் திரும்ப முடியாதவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று 2016இல் தனிச்சட்டம் வந்தது. 2009க்குப் பிறகு ஓடிய வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2025 மார்ச்சில் வடக்கில் 5,941 ஏக்கரைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தபோது எழுந்த பதற்றம், இப்படி உறுதியும் இல்லாமல் ஊரிலும் இல்லாமல் பலர் இருப்பதனால்தான். உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொரு தடை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமையோ இரட்டைக் குடியுரிமையோ இல்லாதவர் இங்கே காணி வாங்க முடியாது. பெற்றோரின் முதுசம் உரிமைவழியாக வரலாம். பக்கத்துக் காணியை வாங்கிச் சேர்க்க முடியாது. தம்பியின் பெயரில் வாங்கி வைப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது தம்பியின் காணி.

நம்மவர் நிறையப் பேர் வாழும் சுவிற்சர்லாந்திலும் இந்தப் பூட்டிய வீட்டுப் பிரச்சினை உண்டு. பனிச்சறுக்குக்கு வருவோர் வாங்கிப் போட்ட விடுமுறை வீடுகள் அல்ப்ஸ் மலைக் கிராமங்களில் வருடத்தின் பெரும்பகுதி இருண்டு கிடக்க, அங்கேயே வேலை செய்பவருக்கு வீடு கிடைப்பதில்லை. 2012 மார்ச்சில் மக்கள் வாக்களித்து, எந்த ஊரிலும் இப்படியான வீடுகள் 20 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். தீவகத்தில் அப்படியொரு வரம்பு இல்லை. வெளிநாட்டுக் காசுக்குக் கேட்ட விலையை, ஊரிலேயே இருந்து கடலுக்குப் போகும் குடும்பம் எப்படிக் கொடுக்கும்? பூட்டிய வளவைக் கூட்டிப் பெருக்கிக் காவல் இருப்பவர்களிலும் சொந்தமாக அரைப் பரப்பு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். சந்தை சூடுபிடித்தால் முதலில் வெளியேற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வாங்க நினைப்பவர் இரண்டு விஷயத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. ஒன்று கடற்கரை: சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். சின்னத் தீவில் 300 மீற்றர் என்பது பெரிய துண்டு. மற்றது தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மெல்லிய படையாகத்தான் உவர்நீரின் மேல் நிற்கிறது. விடுதிக்கென்று மோட்டார் போட்டு இறைத்தால் அயல் கிணறும் சேர்ந்து உப்பாகும்.

நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கி வளவு பிரித்திருக்கிறார்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லின்மேல் கல். எல்லை தெரியாத காணி அங்கே குறைவு. ஆனால் அந்தக் கல்வேலிக்குள்ளும் பங்கு 48 ஆகத்தான் இருக்கும். பங்காளிகள் உயிரோடு இருக்கும்போதே சேவையரைக் கூப்பிட்டு அளந்து, ஒத்துக்கொண்டு, பிரிவினை உறுதி எழுதினால் நொத்தாரிசின் மேசையில் முடிகிற காரியம் இது. விட்டால் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரிவினை வழக்கு. அது பிள்ளைகள் தலைமுறைக்கும் இழுபடும். வரும் திருவிழாவுக்குப் பங்காளிகள் நாலு பேராவது ஊரில் நிற்பார்கள். சேவையருக்கு இப்போதே நாள் குறிக்கலாம்.