எஞ்சினுக்கு உயிரூட்டும் ஸ்பார்க் பிளக்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது பழமொழி. பெட்ரோல் காருக்கு அத்தகைய அச்சாணி ஸ்பார்க் பிளக் ஆகும். விரல் நீளமே உள்ள இச்சிறு பொருள் கெட்டுவிட்டால், பெரிய காரும் திணறி நின்றுவிடும்.

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக். பாட்டரி தரும் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அம்மின்சாரம் பிளக் நுனியிலுள்ள இடைவெளியைத் தாண்டும்போது தீப்பொறி தோன்றி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 முறை பொறி விடவேண்டும்! டீசல் எஞ்சினுக்கோ இது தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே அங்கு டீசலை எரிக்கிறது.

பிளக்கைச் சோதிக்குமுன் எஞ்சினை நிறுத்தி ஆறவிடவேண்டும். ஓடும் எஞ்சினின் பிளக் வயரைத் தொட்டால் பலத்த அதிர்ச்சி தாக்கும். வயரை இழுக்காமல் அதன் மூடியைப் பிடித்தே கழற்றவேண்டும். சுற்றிலும் உள்ள தூசியை ஊதியபின், பிளக் ஸ்பானரால் இடப்புறமாகத் திருப்பவேண்டும். தூசி உள்ளே விழுந்தால் சிலிண்டர் தேயும். வயர்கள் இடம் மாறாதிருக்க ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுவதே நல்லது.

மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல் மெக்கானிக் பிளக்கின் நுனியைப் பார்க்கிறார். வெளிர் பழுப்பு நிறமானால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் செல்கிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையிருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுமீறிய சூடு. பீங்கானில் விரிசல் கண்டால் பிளக்கை மாற்றியே ஆகவேண்டும்.

புதிய பிளக்கின் இடைவெளியைக் கேஜ் கொண்டு சரிபார்க்கவேண்டும். முதலில் கையாலேயே முழுவதும் திருகி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். மிகையாக முறுக்கினால் மரை கெட்டுவிடும். அதைச் சீராக்கும் செலவு பிளக்கின் விலையைப்போல் பல மடங்காகும்.

ஒரு பிளக் பொறி விடாவிட்டால் அந்தச் சிலிண்டருக்குச் செல்லும் பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறும். பணமும் வீண், நாம் சுவாசிக்கும் காற்றும் மாசு.

‘பெண்களுக்கு இது எதற்கு?’ என்பாரும் உளர். தோழியரே, ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்தா கார் நடுவழியில் நிற்கிறது? அறிந்துகொள்வோம், அறிந்ததைச் செய்தும் பார்ப்போம்.