தண்டுவட நீர்ப் பரிசோதனை: உறவினர் கவனத்துக்கு

காய்ச்சலும் தலைவலியும் கழுத்து விறைப்புமாக ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில் முதுகில் ஊசியிட்டு நீர் எடுக்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னதும், எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடாமல் பொழுதைக் கடத்தும் குடும்பங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்புத் தொடரின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே. எடுக்கும் சுமார் 10 மில்லி நீரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி சுரக்கும் உடம்பு அரைமணியில் ஈடுசெய்துவிடும். சிலருக்குப் பின்னர் தலைவலி வருவதுண்டு. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கையெழுத்திடத் தாமதிப்பதைவிடப் பெரிய விபரீதம் நீர் எடுத்த பிறகே நேர்கிறது. வார்டில் ஆளில்லை என்று குழாய்களை உறவினர் கையில் திணித்துவிட, அவர் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பணம் கட்டும் வரிசையில் நிற்கிறார். கொண்டுபோய்ச் சேர்ப்பது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாத அலட்சியத்துக்கு நோயாளி பலியாகலாகாது. எடுத்த நீரிலுள்ள வெள்ளணுக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெகுவாக அழிந்துவிடுவதால், தாமதித்த குழாயில் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். கிருமி வளர்ப்புக்கான குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில கிருமிகள் செத்தே போகும். ஆகவே வரிசை வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். பெயரும் நேரமும் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, நேரே ஆய்வுக்கூடத்துக்குச் செல்லுங்கள்.

கூடவே ரத்தச் சர்க்கரையையும் எடுத்தார்களா என்று கேளுங்கள்: தண்டுவட நீரின் சர்க்கரை, ரத்தத்திலுள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கிருக்க வேண்டும் என்பதால், அந்த ஒப்பீடின்றிச் சர்க்கரை நோயாளியின் முடிவு வைத்தியரையே ஏமாற்றிவிடும். காசநோய் என்ற ஐயமிருந்தால், அந்தக் கிருமியை நீரில் தேடும் சிபிநாட் (CBNAAT) சோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்; ஆனால் அதில் கிருமி தெரியவில்லை என்பதாலேயே நோயில்லை என்றாகாது, மருந்தை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது, வாய்மொழியாகச் சொல்லும் ‘நார்மல்’ என்ற சொல் எதற்கும் பிரயோஜனப்படாது; அணு எண்ணிக்கை, புரதம், சர்க்கரை மூன்றும் எண்களாக உள்ள அறிக்கை வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவரது அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் பதிவேடுகளைத் தர வேண்டும். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு, உள்நோயாளி எண்ணைக் குறித்து, இரு பிரதிகளாக விண்ணப்பம் எழுதி, ஒன்றில் கையொப்பமும் தேதியும் நேரமும் வாங்கி வையுங்கள். மறுத்தால், அந்தப் பிரதியை இணைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம்.