தாய் குதிரையா, கழுதையா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும் சேலம், நாமக்கல் விவசாயிகள் அங்குள்ள குதிரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். குதிரைக்குச் சுழி பார்க்கவும் பல் பார்க்கவும் நம்மவர்களுக்குத் தெரியும். பொதி சுமக்கும் கழுதையும் நமக்குப் புதிதல்ல. இவ்விரண்டின் கலப்பில் பிறக்கும் கோவேறு கழுதையைப் பற்றித்தான் தெளிவு போதாது. குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது.

இந்தக் கலப்பு இரண்டு விதமாக நடக்கும். ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது ஒன்று. ஆண் குதிரைக்கும் பெட்டைக் கழுதைக்கும் பிறப்பது மற்றொன்று. நாம் இரண்டையுமே கோவேறு கழுதை என்கிறோம். பழந்தமிழில் இதற்கு அத்திரி என்று பெயர். கோவலன் கடலாடப் போனபோது அத்திரி மேல் ஏறிச் சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. வேசரி என்ற சொல்லும் உண்டு. மூன்று சொற்கள் இருந்தும், தாய் எது, தகப்பன் எது என்பதை வழக்கில் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

ரோமானிய உழவர்கள் பிரித்துச் சொன்னார்கள். நமக்கு அடுத்துள்ள கரூரில், அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன அல்லவா? அந்தக் காசுகள் புழங்கிய காலத்தை ஒட்டி எழுதப்பட்ட லத்தீன் வேளாண்மை நூல்களில் இரண்டு பெயர்கள் உள்ளன. குதிரைத் தாய்க்குப் பிறந்தது 'மூலுஸ்'. அதில் பெட்டை 'மூலா'. கழுதைத் தாய்க்குப் பிறந்தது 'ஹின்னுஸ்'. இதையே பிற்காலத்தில் 'புர்டோ' என்றும் சொன்னார்கள். இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'மியூல்' என்ற சொல் மூலுஸிலிருந்து வந்ததே.

இந்தப் பாகுபாட்டை எழுதி வைத்தவர்களில் வர்ரோ ஒருவர். மனைவி ஒரு பண்ணை வாங்கினார் என்பதற்காக எண்பதாவது வயதில் வேளாண்மை நூல் எழுதியவர். மற்றொருவர் ஸ்பெயினில் பிறந்த கொலுமெல்லா. ஹின்னுஸுக்குப் பெயர் தகப்பன் வழியில் வந்தாலும் சாயல் தாயைப் போலத்தான் என்று அவர் எழுதுகிறார். ரோமாபுரியில் கோவேறு கழுதை நல்ல பணம் புரளும் சரக்கு. பின்னாளில் சக்கரவர்த்தியான வெஸ்பாசியனே கைமுடை வந்தபோது இந்த வியாபாரம் செய்து, 'கோவேறு கழுதைக்காரன்' என்று பட்டப் பெயர் வாங்கினார். விலை வித்தியாசப்படும் இடத்தில் பெயரும் வித்தியாசப்படத்தானே செய்யும்!

வித்தியாசம் என்னவென்றால், குதிரைத் தாய்க்குக் கருப்பையும் பெரிது, பாலும் அதிகம். ஆகவே குட்டி பெரிதாக வளர்கிறது. கழுதைத் தாயின் குட்டி பெரும்பாலும் சிறியது. அப்படிச் சேர்த்தால் சினை பிடிப்பதும் அரிது. ஆண் கழுதையோ பெட்டைக் குதிரையை எளிதில் நெருங்காது. அதற்கு வர்ரோ சொல்லும் உபாயம் சுவையானது: கழுதைக் குட்டி பிறந்ததும் அதைக் குதிரையிடம் பால் குடிக்க விட்டு வளர்க்க வேண்டும். நல்ல பாலில் உடம்பும் தேறும், குதிரைகளோடு பழக்கமும் ஏற்படும். கழுதை குட்டையாயிற்றே என்பதற்குக் கொலுமெல்லா வழி சொல்கிறார். சரிவான இடத்தில் இரண்டு சுவர் எழுப்பி, பள்ளத்துப் பக்கம் தலை இருக்கும்படி குதிரையைக் கட்டினால், மேட்டுப் பக்கமிருந்து கழுதை எளிதாக ஏறும்.

எந்த விதக் கலப்பாயினும் குட்டி மலடுதான். குதிரைக்குக் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62. குட்டிக்கு 63 வருவதால் சரியாக ஜோடி சேர்வதில்லை. மிக அபூர்வமாகப் பெட்டை ஈன்றதுண்டு. நடக்காத காரியத்தை நாம் குதிரைக் கொம்பு என்கிறோம். ரோமானியர் 'கோவேறு கழுதை குட்டி போடும்போது' என்றார்கள். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஆண்டுதோறும் புது விதை வாங்குவது போல, இதிலும் ஒவ்வொரு குட்டிக்கும் புதிதாகக் கலப்புச் செய்தாக வேண்டும். கன்று போடும், காசாகும் என்ற கணக்கு இதில் கிடையாது. உழைப்பு ஒன்றுதான் வரவு.

உழைப்பு என்றதும் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகளில் கழுதைக்கு 50 கிலோ, மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று உச்ச வரம்பு உள்ளது. ஆனால் கோவேறு கழுதை என்று ஒரே பெயர்தான். தாய் எதுவென்ற பேச்சில்லை. கழுதை உயரமே உள்ள ஒரு சிறு பிராணியின் முதுகில் 200 கிலோவை ஏற்றினால் என்ன ஆகும்? பெரிய பிராணியானாலும் மலைப்பாதையில் அது அதிகம் என்பதே என் கருத்து. பெயரை நம்பாமல் உடம்பைப் பார்த்துப் பொதி ஏற்றுங்கள்.

சமவெளியில், வண்டி போகும் தடம் உள்ள தோட்டத்துக்கு இந்தப் பிராணி வேண்டியதில்லை. டெம்போ இருக்கிறது. நாடு முழுவதும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோவேறு கழுதைகள் சுமார் 84,000 மட்டுமே இருந்தன. முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததில் பாதிக்கும் கீழ். பாதை இல்லாத மலைக்காட்டில் நிலம் உள்ளவர்களுக்குத்தான் இது உதவும். தேர்தல் காலத்தில் நாமக்கல் மாவட்டப் போதமலைக்குத் தலைச்சுமையாகவும், தர்மபுரி மாவட்டக் கோட்டூர் மலைக்குக் கழுதை மீதும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் போன செய்தியைப் படித்திருப்பீர்கள். அத்தகைய ஊர்களில் இது குதிரையைவிடக் குறைந்த தீவனத்தில் காலம் தள்ளும். குளம்பு உறுதி, கல் தடத்தில் கால் இடறாது.

வாங்குகிறவர்கள் விற்பவரிடம் முதலில் தாய் எது என்று கேளுங்கள். காதையும் வாலையும் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. முடிந்தால் தாயையே நேரில் பாருங்கள். பல், குளம்பு, முதுகுப் புண் ஆகியவற்றைச் சோதித்துவிட்டு நடக்க விட்டுப் பாருங்கள். வலியை எளிதில் வெளிக்காட்டாத பிராணி இது. தீவனத்தில் வாய் வைக்காமல் நின்றால் மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று அதே விதிகள் கூறுகின்றன. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பொதி ஏற்றக் கூடாது. சேலம் பக்கம் பங்குனியிலேயே அந்த வெயில் வந்துவிடுகிறது.